பிளிங்க்கில் தொடங்கி மொட்டை மாடித் தொட்டி வரை

கேள்வி இதுதான்: கல்லூரியில் சி மொழி படித்திருக்கிறீர்கள், பாயிண்டர் வரை தெரியும், ஆனால் மைக்ரோகண்ட்ரோலர் (ஒரே சிப்பில் அடங்கிய சின்னக் கணினி) ஒன்றைக் கையால் தொட்டதில்லை. ஆர்டுயினோ வாங்கலாம் என்றால் நண்பர்கள் "அது சின்னப் பிள்ளைகள் விளையாடுவது, நேரா எஸ்டிஎம்32-க்குப் போ" என்கிறார்கள். எதை வாங்குவது, எதிலிருந்து தொடங்குவது, முதல் ப்ராஜெக்ட் என்ன?

பதிலைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு விரிவாக வருகிறேன். ஆர்டுயினோ ஊனோ ஆர்3 பலகை ஒன்று வாங்குங்கள். எஸ்டிஎம்32 என்ற 32 பிட் சிப் எங்கேயும் ஓடிப்போகாது. எல்இடி, பட்டன், ஒரு திருகு (ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் மாதிரியானது), இந்த மூன்றோடு இரண்டு வாரம் இருங்கள். அப்புறம் உங்கள் வீட்டு மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு, நிரம்பி வழியாமல் பார்க்கும் ஒரு காவல்காரன் செய்யுங்கள். அது ஆறு மாதம் யாரும் தொடாமல் ஓட வேண்டும். மேஜை மேல் ஒரு நாள் ஓடுவதற்கும் மாடியில் ஆறு மாதம் ஓடுவதற்கும் நடுவே நீங்கள் படும் பாடு இருக்கிறதே, இந்தத் தொழிலில் கற்க வேண்டியதில் முக்கால்வாசி அதற்குள்தான் இருக்கிறது.

விளையாட்டுப் பொருள் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்றால், ஆர்டுயினோ 2005-இல் இத்தாலியின் இவ்ரெயா ஊரில், மின்னணுவியல் தெரியாத வடிவமைப்பு மாணவர்களுக்காக உருவானது. பெயரே அந்த ஊரில் இருந்த ஒரு மதுக்கடையின் பெயர். ஆனால் பலகையின் நடுவில் உட்கார்ந்திருக்கும் ஏடிமெகா328பி பொம்மைச் சிப் அல்ல. 8 பிட் செயலி, விநாடிக்கு 1 கோடியே 60 லட்சம் துடிப்பு, நிரல் வைக்க 32 கிலோபைட், ஓடும்போது பயன்படுத்த 2 கிலோபைட் ரேம், மின்சாரம் போனாலும் நினைவில் வைத்துக்கொள்ள 1 கிலோபைட். நம் பாடத்திட்டத்தில் பல ஆண்டுகளாக இருக்கும் 8051 சிப், இன்டெல் 1980-இல் வெளியிட்டது. அதில் ரேம் 128 பைட்தான். அந்தக் கணக்கில் பார்த்தால் ஊனோ பெரிய பணக்காரன்.

நான் ஊனோவைச் சொல்வதற்கு வேறு காரணமும் உண்டு. தப்பு செய்தால் தாங்கும். 5 வோல்ட்டில் ஓடுவதால் கடையில் கிடைக்கும் பழைய சென்சார்கள் பெரும்பாலும் நேராகப் பொருந்தும். இஎஸ்பி32, ராஸ்பெர்ரி பை பிக்கோ போன்ற பலகைகள் எல்லாம் 3.3 வோல்ட் ஆசாமிகள், அவற்றின் பின்னில் (ஒயர் மாட்டும் காலில்) தவறி 5 வோல்ட் கொடுத்தால் மன்னிக்காது. ஊனோவில் சிப்பைச் சாக்கெட்டில் சொருகியிருக்கும் வகையாகப் பார்த்து வாங்கினால், எரிந்துபோனாலும் சிப்பை மட்டும் பிடுங்கி மாற்றலாம். முதல் மாதத்தில் ஒன்றையாவது எரிப்பீர்கள். நான் இரண்டு எரித்தேன்.

சென்னையில் இருந்தால் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு ஒரு நடை போய் வாருங்கள், வெளியூர் என்றால் ஆன்லைனில் வாங்கிக்கொள்ளலாம். முப்பத்தேழு சென்சார் போட்ட பெரிய கிட் வேண்டாம். அதில் முப்பது டப்பாவிலேயே தூங்கும். ஊனோ, பிரெட்போர்டு (பற்றவைக்காமல் ஒயரைச் சொருகிப் பார்க்கும் பலகை), ஜம்பர் ஒயர், பத்து எல்இடி, 220 ஓம் ரெசிஸ்டர் பத்து, 10 கிலோ ஓம் பத்து, 1 கிலோ ஓம் பத்து, நாலு பட்டன், 10 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டர் ஒன்று (திருகு என்று சொன்னேனே, அது), ஒரு பஸ்ஸர், பிசி547 டிரான்சிஸ்டர் சில, 1என்4007 டயோடு சில. இவற்றோடு ஒரு மல்டிமீட்டர். விலை குறைந்ததே போதும், ஆனால் இல்லாமல் தொடங்காதீர்கள். நிரலில் பிழையா ஒயரில் பிழையா என்று மூன்று மணி நேரம் மண்டையை உடைத்துக்கொள்வதை மல்டிமீட்டர் மூன்று நிமிடத்தில் முடித்துவிடும். யுஎஸ்பி கேபிளையும் கவனியுங்கள்: சார்ஜ் மட்டும் செய்யும் கேபிள்கள் உண்டு, உள்ளே டேட்டா ஒயரே இருக்காது. பலகையில் விளக்கு எரியும், கணினி மட்டும் அதைப் பார்க்காது. புதிதாக வருகிறவர்களின் முதல் நாள் பாதி இதில்தான் போகிறது. மலிவான நகல் பலகை என்றால் சிஎச்340 என்ற சிப்புக்கு டிரைவர் தனியாகப் போட வேண்டியிருக்கும், அதையும் மனதில் வையுங்கள்.

பலகை கைக்கு வரும் வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. வோக்வி என்ற தளத்தில் பிரௌசருக்குள்ளேயே ஊனோவை ஓட்டிப் பார்க்கலாம். ஆனால் அங்கேயே தங்கிவிடாதீர்கள். அங்கே ஒயர் கழன்றுகொள்ளாது.

சரி, பிளிங்க். 13-ஆம் பின்னில் பலகையோடு வரும் எல்இடி ஒன்று இருக்கிறது, அதை ஒரு விநாடி எரித்து ஒரு விநாடி அணைக்கும் நிரல்தான் எல்லோருக்கும் முதல் நிரல். ஓடியதும் ஒரு சந்தோஷம் வரும். அந்தச் சந்தோஷத்தோடு அடுத்ததற்குத் தாவிவிடாமல் அங்கேயே கொஞ்சம் நில்லுங்கள். சி படித்தவருக்கு இதில் மூன்று கேள்வி வரவேண்டும்.

முதலாவது, மெயின் ஃபங்க்ஷன் எங்கே? செட்டப் என்று ஒன்று, லூப் என்று ஒன்று, இவ்வளவுதான் கண்ணில் படுகிறது. மெயின் இருக்கிறது, ஆர்டுயினோ அதை மறைத்து வைத்திருக்கிறது. அது செட்டப்பை ஒருமுறை கூப்பிடும், பிறகு முடிவில்லாத சுழற்சிக்குள் லூப்பைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். கல்லூரியில் நீங்கள் எழுதிய நிரல் எல்லாம் ஒரு வேலையைச் செய்துவிட்டு முடிந்துபோகும். இங்கே நிரல் முடியவே கூடாது. முடிந்து போய்ச் சேர்வதற்கு விண்டோஸ் மாதிரி பின்னால் ஒருவரும் இல்லை.

இரண்டாவது, பின்னை "ஹை" ஆக்கு என்று சொன்னால் உள்ளே என்ன நடக்கிறது? சிப்புக்குள் போர்ட்பி என்று ஒரு ரெஜிஸ்டர் இருக்கிறது. எட்டு பிட், அதாவது சுவரில் வரிசையாக எட்டு சுவிட்ச் போட்ட பலகை மாதிரி. 13-ஆம் பின் என்பது அதில் 5-ஆம் பிட், 0-விலிருந்து எண்ணினால். அந்த பிட்டில் 1 எழுதினால் வெளியே காலில் 5 வோல்ட் வருகிறது. பக்கத்தில் டிடிஆர்பி என்று இன்னொரு ரெஜிஸ்டர், அது அந்தக் கால் உள்ளே வாங்குவதா வெளியே கொடுப்பதா என்று சொல்லும். அவ்வளவுதான் ரகசியம். ஆர்டுயினோவின் டிஜிட்டல்ரைட் இதைப் பல சரிபார்ப்புகளுக்குப் பின் செய்வதால் சில மைக்ரோ விநாடி எடுக்கும். நீங்களே நேராக அந்த பிட்டை எழுதினால் இரண்டே துடிப்பு, 125 நானோ விநாடி. எல்இடிக்கு இந்த வேகம் தேவையில்லை. ஆனால் ஒருமுறையாவது பிளிங்க்கை ரெஜிஸ்டர் வழியாக எழுதிப் பாருங்கள். எஸ்டிஎம்32-இல் கற்கலாம் என்று நண்பர்கள் சொல்லும் விஷயம் இதுதான், இங்கேயே இருக்கிறது, இங்கே சிக்கல் குறைவு.

மூன்றாவது கேள்வி டிலே, அதாவது நிரலைச் சொன்ன நேரம் காக்க வைக்கும் ஃபங்க்ஷன் பற்றியது. அதற்குத் தனியாக வருகிறேன்.

அடுத்து, பலகையில் இருப்பதை விட்டுவிட்டு வெளியே ஒரு எல்இடியைச் சொந்தமாக மாட்டுங்கள். ரெசிஸ்டர் எதற்கு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். சிவப்பு எல்இடி தனக்கென்று சுமார் 2 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். மிச்சம் 3 வோல்ட் ரெசிஸ்டருக்கு. 3-ஐ 220-ஆல் வகுத்தால் 13.6 மில்லி ஆம்பியர். ஒரு பின்னிலிருந்து 20 மில்லி ஆம்பியருக்குள் எடுப்பது நல்லது. 40 என்பது சிப் செய்தவர்கள் போட்டிருக்கும் உச்ச வரம்பு, அதைத் தொட்டால் சேதத்துக்கு அவர்கள் பொறுப்பில்லை. இந்த ஒரு வகுத்தல் கணக்கைத் தெரிந்துகொண்டால், பின்னாளில் மோட்டாரை நேராகப் பின்னில் மாட்டும் பாவத்தைச் செய்ய மாட்டீர்கள்.

இப்போது பட்டன். இதில்தான் விஷயம் இருக்கிறது, அவசரப்படாதீர்கள்.

பட்டனின் ஒரு காலைப் பின்னிலும் மறுகாலை 5 வோல்ட்டிலும் மாட்டி, அழுத்தினால் எல்இடி எரிய வேண்டும் என்று எழுதுவீர்கள். அழுத்தினால் எரியும். விட்டாலும் சில சமயம் எரியும். கையைப் பக்கத்தில் கொண்டுபோனாலே மினுக்கும். பேய் இல்லை. பட்டனை விட்டதும் அந்தப் பின் எதனோடும் சேராமல் அந்தரத்தில் நிற்கிறது, காற்றில் இருக்கும் மின் இரைச்சலையெல்லாம் ஆன்டெனா மாதிரி பிடிக்கிறது. அதனால் பின்னுக்கு எப்போதும் ஒரு பிடிமானம் வேண்டும். சிப்புக்குள்ளேயே 20 முதல் 50 கிலோ ஓம் வரையிலான ரெசிஸ்டர் ஒன்று 5 வோல்ட் பக்கம் இழுத்துப் பிடிக்கத் தயாராக இருக்கிறது. இன்புட் புல்அப் என்று பின்னை அறிவித்தால் அது சேர்ந்துகொள்ளும். பட்டனின் மறுகாலை கிரவுண்டில் மாட்டுங்கள். இப்போது அழுத்தாதபோது 1, அழுத்தினால் 0. தலைகீழாக இருக்கிறதே என்று முதலில் தோன்றும், நாலு நாளில் பழகிவிடும்.

பிறகு, பட்டனை ஒருமுறை அழுத்தினால் எண்ணிக்கை ஒன்று கூட வேண்டும் என்று எழுதி, எண்ணைச் சீரியல் மானிட்டரில் (பலகை அனுப்பும் எழுத்துகளைக் கணினியில் காட்டும் சன்னல்) பாருங்கள். ஒருமுறை அழுத்தினால் மூன்று கூடும், சில சமயம் ஏழு. உள்ளே இருக்கும் உலோகத் தகடு தொட்டதும் நிற்காமல் சில மில்லி விநாடி துள்ளுகிறது, பந்து தரையில் விழுந்து துள்ளி அடங்குவது மாதிரி. உங்கள் கைக்கு அது ஒரு அழுத்தல். விநாடிக்கு 1 கோடியே 60 லட்சம் துடிப்பில் பார்க்கிறவனுக்கு அது தனித்தனி அழுத்தல்கள். தீர்வு எளிது: மாற்றம் ஒன்று தெரிந்ததும் நம்பாதே, 20 மில்லி விநாடி அதே நிலையில் நின்றால் மட்டும் நம்பு. இந்த வரியை மறந்துவிடாதீர்கள், மாடியில் மறுபடி சந்திப்போம்.

சீரியல் மானிட்டரைச் சொன்னதால் ஒரு வார்த்தை: அதில் எழுத்துகள் குப்பையாக வந்தால், நிரலில் 9600 என்று போட்டுவிட்டு மானிட்டரில் வேறு வேகம் வைத்திருக்கிறீர்கள். எல்லோருக்கும் நடப்பதுதான்.

இப்போது டிலே. எல்இடி விநாடிக்கு ஒருமுறை மின்ன வேண்டும், அதே நேரம் பட்டனை அழுத்தினால் பஸ்ஸர் ஒலிக்க வேண்டும். டிலே போட்டு எழுதினால், அந்த ஒரு விநாடி முழுக்கச் சிப் கண்ணை மூடிக்கொண்டு எண்ணிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் நீங்கள் பட்டனை அழுத்திவிட்டுப் போனால் அதற்குத் தெரியவே தெரியாது. சமையலறையில் பால் பொங்கும் வரை பாத்திரத்தையே முறைத்துப் பார்த்து நிற்கிறவர் யார்? அடுப்பில் வைத்துவிட்டு, வெங்காயம் நறுக்கிக்கொண்டே நடுநடுவே எட்டிப் பார்ப்போம். நிரலும் அப்படித்தான் இருக்க வேண்டும். மில்லிஸ் என்ற ஃபங்க்ஷன், பலகை உயிர்பெற்று எத்தனை மில்லி விநாடி ஆனது என்று சொல்லும். எல்இடியைக் கடைசியாக எப்போது மாற்றினேன் என்று குறித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சுற்றிலும் "ஒரு விநாடி ஆச்சா?" என்று கேளுங்கள். ஆகவில்லை என்றால் நிற்காமல் அடுத்த வேலைக்குப் போங்கள்.

இதில் ஒரு நுணுக்கம். மில்லிஸ் 32 பிட் எண். 49.7 நாளில் நிரம்பி மறுபடி 0-விலிருந்து தொடங்கும். "இப்போதைய நேரம், பழைய நேரம் கூட்டல் இடைவெளியை விடப் பெரிதா" என்று எழுதினால் அந்த நாளில் நிரல் குழம்பும். "இப்போதைய நேரத்திலிருந்து பழைய நேரத்தைக் கழித்தால் இடைவெளிக்கு மேல் வருகிறதா" என்று, குறியில்லா எண்களாக வைத்து எழுதினால் குழம்பாது. ராத்திரி பதினொன்றுக்குப் படுத்து விடியற்காலை ஐந்துக்கு எழுந்தவர் "ஐந்து பதினொன்றை விடச் சின்னது, அதனால் நான் தூங்கவே இல்லை" என்று சொல்வதில்லை அல்லவா? கழித்தல் அதே மாதிரி கடிகாரத்தைச் சுற்றிக் கணக்குப் பார்த்துக்கொள்ளும்.

இன்னொரு குழி, இது சி தெரிந்தவர்களுக்கென்றே தோண்டி வைத்தது. ஒரு நிமிடம் காத்திரு என்பதற்கு டிலேக்குள் 60 பெருக்கல் 1000 என்று ஒருமுறை எழுதினேன். நிரல் செத்த மாதிரி நின்றுவிட்டது. கணினியில் இன்ட் என்பது 4 பைட், இங்கே 2 பைட். அதன் உச்சம் 32767. 60000 அதில் அடங்காமல் மைனஸ் 5536 ஆகிவிட்டது. டிலே வாங்குவது குறியில்லாத 32 பிட் எண், அந்த மைனஸ் அங்கே போய் நானூறு கோடியைத் தாண்டிய எண்ணாக மாறியது. அதாவது ஒரு நிமிடத்துக்குப் பதில் கிட்டத்தட்ட 49.7 நாள் காத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். பிழை எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. எண்ணுக்குப் பின்னால் யுஎல் என்று இரண்டு எழுத்து போட்டிருந்தால் ஞாயிற்றுக்கிழமை மிஞ்சியிருக்கும்.

திருகைச் சீக்கிரம் முடித்துவிடலாம். அதன் நடுக்காலை ஏ0 பின்னில் மாட்டினால் 0 முதல் 1023 வரை எண் வரும். 5 வோல்ட்டை 1024 துண்டாக்கியது, ஒரு துண்டு சுமார் 4.9 மில்லி வோல்ட். ஓரத்தில் கொஞ்சம் நடுங்கும், பத்து முறை படித்துச் சராசரி எடுங்கள். எல்டிஆர் ஒளிச் சென்சார், எல்எம்35 வெப்பச் சென்சார் எல்லாம் இதே பாடத்தின் மறுபதிப்புதான். அந்த எண்ணை நாலால் வகுத்து அனலாக்ரைட்டுக்குக் கொடுத்தால் எல்இடியின் வெளிச்சம் கூடிக் குறையும். பெயர்தான் அனலாக், உண்மையில் விநாடிக்கு 490 முறை எரித்து அணைத்து நம் கண்ணை ஏமாற்றுகிறது.

மாடிக்குப் போவோம்.

வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும். மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துவிடுகிறோம், தொட்டி நிரம்பிச் சுவரோரம் வழிகிறது, பக்கத்து வீட்டுக்காரர் குரல் கொடுக்கிறார். முதல் கட்டம் பஸ்ஸர் மட்டும்: நிரம்பினால் ஒலி. மோட்டாரைத் தொடவே வேண்டாம்.

தண்ணீர் இருப்பதை எப்படி அறிவது? நான் முதலில் செய்தது, இரண்டு செம்பு ஒயரைத் தோல் சீவித் தண்ணீரில் தொங்கவிட்டது. தண்ணீர் தொட்டால் மின்சாரம் பாயும், பின்னில் தெரியும். மேஜை மேல் டம்ளரில் பிரமாதமாக வேலை செய்தது. மாடியில் மூன்று வாரத்தில் நின்றது. ஏறிப் பார்த்தால் ஒரு ஒயர் பச்சை பூத்து, பாதி கரைந்து போயிருந்தது. எப்போதும் ஒரே திசையில் மின்சாரம் பாய்ந்தால் மின்பகுப்பு நடக்கும் என்று பத்தாம் வகுப்பில் படித்ததுதான். படிக்கும் நொடியில் மட்டும் மின்சாரம் கொடுத்தால் நாள் கூடும், ஆனால் குடிக்கிற தண்ணீரில் செம்பைக் கரைக்கும் யோசனையே எனக்குப் பிடிக்காமல் போனது. மீயொலிச் சென்சார் எச்சி-எஸ்ஆர்04-உம் நல்ல யோசனையாகத் தோன்றும், ஒலி போய்த் திரும்பும் நேரத்தை 58 மைக்ரோ விநாடிக்கு ஒரு சென்டிமீட்டர் என்று கணக்கிட்டால் தண்ணீர் மட்டமே தெரிந்துவிடும். ஆனால் மூடிய தொட்டிக்குள் வெயில் காலத்தில் மூடியின் உட்புறம் முழுக்க நீராவி படியும், அந்தத் திறந்த சென்சாருக்கு அது ஆகாது. நீர் புகாத வகை தனியாக விற்கிறார்கள், அதற்குப் பிறகு போகலாம்.

எளிதானது காந்த மிதவை. உள்ளே காந்தம் பக்கத்தில் வந்தால் மாறும் ரீட் சுவிட்ச், வெளியே காந்தம் வைத்த மிதவை. தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் தொடர்பே இல்லை. சிப்புக்கு அது வெறும் பட்டன். உங்களுக்கு ஏற்கெனவே பட்டன் தெரியும்.

மேலே ஒன்று, கீழே ஒன்று, இரண்டு மிதவை. ஒன்றே வைத்தால் மட்டம் அதைத் தாண்டித் தாண்டி இறங்கும்போது மோட்டார் நிமிடத்துக்கொரு முறை ஓடி நிற்கும். இனி, குழாயிலிருந்து தண்ணீர் கொட்டும்போது மேல்பரப்பு அலை அடிக்கும், மிதவை ஆடும், சுவிட்ச் துள்ளும். அதே பட்டன் கதை. இங்கே 20 மில்லி விநாடி போதாது, 3 விநாடி அதே நிலையில் நின்றால் நம்பு. நிரலில் ஒரு எண் மட்டும் மாறுகிறது.

மாடியிலிருந்து கீழ்வரை பதினைந்து மீட்டர் ஒயர் வரும். அவ்வளவு நீளத்துக்குச் சிப்பின் உள்ளே இருக்கும் இழுவை பலவீனம், பக்கத்து மோட்டார் ஒயரின் இரைச்சலில் பின் தடுமாறும். வெளியே 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை 5 வோல்ட்டுக்கும் பின்னுக்கும் நடுவே போடுங்கள், பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 104 என்று அச்சிட்ட சின்ன கெப்பாசிட்டர் ஒன்று.

இப்போது, இந்தப் பதிலில் ஒன்றை மட்டும் படிப்பீர்கள் என்றால் இந்தப் பத்தியைப் படியுங்கள். மிதவை சுவிட்ச் எப்போது மூடியிருக்க (அதாவது மின்சாரம் பாயும்படி சேர்ந்திருக்க) வேண்டும், தண்ணீர் வந்தபோதா, வராதபோதா? எப்படி வைத்தாலும் நிரல் எழுதிவிடலாம், இந்தச் சின்ன மிதவைகளில் பெரும்பாலானவற்றைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டால் குணம் மாறும். ஆனால் எலி ஒயரைக் கடித்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அறுந்த ஒயரும் திறந்த சுவிட்சும் சிப்புக்கு ஒன்றுதான். அதனால் இரண்டு மிதவையையும் தண்ணீர் கீழே இறங்கினால் மூடும்படி வையுங்கள். மேல் மிதவை திறந்திருந்தால் "நிரம்பியது", கீழ் மிதவை மூடினால்தான் "காலி". எந்த ஒயர் அறுந்தாலும் மோட்டார் ஓடாது. கீழ் மிதவை காலி என்கிறது, மேல் மிதவை நிரம்பியது என்கிறது என்றால் இரண்டில் ஒன்று பொய். நிரல் அங்கே ஊகம் செய்யக் கூடாது, மோட்டாரை நிறுத்திவிட்டு பஸ்ஸரை விட்டுவிட்டு அடிக்க வேண்டும்.

ஆக நிரலில் நாலு நிலை: சும்மா இருக்கிறது, நிரப்புகிறது, நிரம்பியது, கோளாறு. ஒரு தாளில் நாலு வட்டம் போட்டு, எந்த நிலையிலிருந்து எதற்கு, எது நடந்தால் போகும் என்று அம்பு வரைந்துவிட்டுப் பிறகு கீபோர்டைத் தொடுங்கள். சியில் ஈனம் (enum), ஸ்விட்ச் (switch) இரண்டும் இதற்கென்றே பிறந்த மாதிரி பொருந்தும். நிரப்பும் நிலைக்கு ஒரு நேர வரம்பும் வேண்டும். உங்கள் தொட்டி நிரம்ப 25 நிமிடம் ஆகிறது என்றால், 40 நிமிடமாகியும் நிரம்பவில்லை எனில் கோளாறு. கீழே சம்ப்பில் தண்ணீர் இல்லாமல் மோட்டார் வெறுமனே சுற்றுவதையும், ஒயர் இரண்டும் ஒட்டிக்கொண்டு எப்போதும் காலி என்று பொய் சொல்வதையும் இந்த ஒரு வரம்பு பிடித்துவிடும்.

பஸ்ஸரோடு ஒரு மாதம் ஓடிய பிறகு மோட்டார். ரிலே என்பது சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைப் போட்டு அணைக்கும் சுவிட்ச்; அதன் காயில் (கம்பிச்சுருள்) 5 வோல்ட்டில் சுமார் 70 மில்லி ஆம்பியர் கேட்கும், பின் அதைக் கொடுக்காது. பின்னிலிருந்து 1 கிலோ ஓம் வழியாக பிசி547, அது ரிலேயை இழுக்கும். காயிலுக்குக் குறுக்கே 1என்4007, வெள்ளைக் கோடு 5 வோல்ட் பக்கம். காயில் அணையும்போது திரும்பி அடிக்கும் மின்னழுத்தத்தை அது விழுங்கிக்கொள்ளும். டிரான்சிஸ்டரின் பேஸிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம் ஒன்று, மின்சாரம் வந்து நிரல் எழுந்திருக்கும் அந்தக் கணத்தில் மோட்டார் தானாகத் துள்ளாமல் இருக்க.

அந்த ரிலேயில் மோட்டாரை நேராக மாட்டாதீர்கள். ஒரு குதிரைத்திறன் மோட்டார் கிளம்பும் நொடியில் ஓடும்போது எடுப்பதைப் போலப் பல மடங்கு இழுக்கும், சின்ன ரிலேயின் தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால் உங்கள் நிரல் எவ்வளவு கத்தினாலும் மோட்டார் நிற்காது. ரிலே ஒரு கான்டாக்டரின் (மோட்டாரைத் தாங்கும் பெரிய ரிலே) காயிலை இயக்கட்டும், கான்டாக்டர் மோட்டாரை இயக்கட்டும். 230 வோல்ட் பக்கத்து வேலை முழுவதையும் எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். இதில் கெட்டிக்காரத்தனம் காட்ட வேண்டாம்.

மின்சாரம் போய் வந்தால் நிரல் முதலிலிருந்து தொடங்கும், தான் எந்த நிலையில் இருந்தோம் என்பது நினைவில் இருக்காது. மிதவைகளை மறுபடி படித்தே முடிவு செய்யலாம், பெரும்பாலும் அது போதும். கோளாறு நிலையை மட்டும் ஈஈப்ராமில் (மின்சாரம் போனாலும் அழியாத அந்த 1 கிலோபைட்) எழுதி வையுங்கள், இல்லையென்றால் பவர்கட் ஒவ்வொன்றும் கோளாறை அழித்துவிடும். நிலை மாறும்போது மட்டும் எழுதுங்கள். அந்த நினைவகம் ஒவ்வொரு இடத்திலும் சுமார் ஒரு லட்சம் முறை எழுதத் தாங்கும். லூப்புக்குள் விநாடிக்கு ஒருமுறை எழுதினால் 28 மணி நேரத்தில் அந்தக் கணக்கு முடிந்தது. நிரல் எங்காவது சிக்கிக்கொண்டால் தானே உலுக்கி எழுப்ப வாட்ச்டாக் என்று ஒன்று சிப்பிலேயே இருக்கிறது, கடைசியாக அதையும் சேருங்கள்.

திரை வேண்டும் என்று ஆசை வரும். 16 எழுத்து, இரண்டு வரி எல்சிடி மலிவாகக் கிடைக்கும். தமிழில் காட்டலாமா என்றால், அதில் நாமே வரைந்து வைக்க எட்டே எழுத்துக்குத்தான் இடம், ஒவ்வொன்றும் ஐந்துக்கு எட்டு புள்ளி. "நீர்" வரைக்கும் சமாளிக்கலாம். யூனிகோடில் வைத்தால் "தண்ணீர்" என்ற ஒரு சொல்லே 21 பைட், உங்களிடம் மொத்தம் 2048. நான் பச்சை, சிவப்பு என்று இரண்டு எல்இடியோடு நிறுத்திக்கொண்டேன். அம்மாவுக்கு அதுவே வசதியாக இருக்கிறது.

நடுவில் எதுவும் விளங்காத கோளாறு வந்தால் முதலில் கிரவுண்டைப் பாருங்கள். ரிலேக்குத் தனி சார்ஜரிலிருந்து மின்சாரம் கொடுத்திருந்தால், அதன் கிரவுண்டும் ஊனோவின் கிரவுண்டும் சேர்ந்திருக்க வேண்டும். சேரவில்லை என்றால் 5 வோல்ட் என்பது எதிலிருந்து 5 என்று இருவருக்கும் ஒத்துப்போகாது. இரண்டாவதாக பிரெட்போர்டு: நீளமான சிலவற்றில் ஓரத்து மின்கோடு நடுவில் துண்டாகியிருக்கும், வெளியே தெரியாது. மாடியில் வைக்கும் கருவியை எப்படியும் பிரெட்போர்டில் விடக் கூடாது. சால்டரிங் கற்றுக்கொண்டு ஜெனரல் பர்ப்பஸ் போர்டில் பற்றவையுங்கள். முதல் இருபது பற்று அசிங்கமாக இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும்.

எஸ்டிஎம்32 எப்போது? இந்தத் தொட்டி ஒரு மழைக்காலத்தைத் தாண்டிய பிறகு. அப்போது எஸ்டிஎம்32எஃப்103 பலகை ஒன்றும், அதில் நிரல் ஏற்ற எஸ்டி-லிங்க்கும் வாங்கி, புதிதாக எதையும் தேடாமல் இதே தொட்டி நிரலை அதற்கு மாற்றுங்கள். நாலு வட்டமும் அம்புகளும் அப்படியே இருக்கும். பின்னைப் படிப்பது, பின்னில் எழுதுவது, நேரம் கேட்பது, இந்த மூன்று இடம்தான் மாறும், அந்த மூன்றுக்காக மட்டும் அதன் ஆயிரம் பக்கக் கையேட்டைத் திறப்பீர்கள். ஆயிரத்தில் எந்தப் பதினைந்து பக்கம் வேண்டும் என்று அப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும். பின்களைத் தொடும் வரிகளை இப்போதே தனி ஃபங்க்ஷன்களில் ஒதுக்கி எழுதி வைத்தால் அந்த வேலை ஒரு மாலையில் முடியும்.